ஆவுடையப்ப மாமா இறந்துபோன வாரம்

லீஸ்பெத் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொரு அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் முற்றத்தின் இந்த மூலையில் மரத்தை ஒட்டி நிற்கிறேன். மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்து, தளிரின் கையைப் பிடித்துப் பின்பக்க வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய்விட்டால் இன்றைய பொழுது முடிந்தது. குடைதான் காட்டிக்கொடுக்கும். நெதர்லாந்தின் இந்த ஐண்ட்ஹோவனில் தூறலுக்கெல்லாம் யாரும் குடை பிடிப்பதில்லை, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்று லீவுக்கு எங்கே போகிறோம் என்று பேசுவார்கள், அதனால் குடை என்றால் நான். மடக்கினேன். மடக்கியதும் மரத்திலிருந்து பெரிய பெரிய சொட்டாகப் பின்கழுத்தில் இறங்குகிறது. இப்போது குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைகிறவளாக நிற்கிறேன், துக்கத்தில் தன்னை மறந்து நிற்கிறாள் பாவம் என்று இன்னும் பொருத்தமாகத் தோன்றும், ஐயோ, மறுபடி விரிக்கவா. விரித்தால் அந்த அசைவே கண்ணில் படும். மாமா தென்காசியில் நன்றாக இருக்கிறார். காலையில்கூட பேசினார், பல் தேய்த்துவிட்டு வந்து பேசினார், வாயோரத்தில் பேஸ்ட் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இந்த முற்றத்தில் மட்டும்தான் ஆவுடையப்ப மாமா இறந்துபோய்விட்டார். இந்த மரம், அந்த ஊஞ்சல், ஈரமான இலைகள், இந்த வேலிக்குள் மட்டும். வேலிக்கு வெளியே போனால் உயிரோடு இருப்பார். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, உடனே, அவரைக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறாய் என்று யாரோ உள்ளே கேட்கிறார்கள், மறுபடி மூச்சு முட்டுகிறது.

நானாக நினைத்துச் சொல்லவில்லை. அதை யாரிடம் சொல்வது, யார் நம்புவார்கள். லீஸ்பெத்தின் மகள் ஃபென்னாவும் என் மகள் தளிரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். ஃபென்னாவின் பிறந்தநாளுக்கு நாலைந்து பெண்பிள்ளைகள் அவர்கள் வீட்டிலேயே ராத்திரி தங்குகிறார்கள், ஹாலில் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள், காலையில் பான்கேக், தளிரை அனுப்புவாயா என்று இதே முற்றத்தில்தான் கேட்டாள். ஆகா, ரொம்ப சந்தோஷம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் நடக்காது, அதை முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லை, நீயே புரிந்துகொள் என்று அர்த்தம். கேட்டவளும் சரிக்கா என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள், யாருக்கும் காயம் இல்லை. லீஸ்பெத் போனை எடுத்து காலண்டரில் தளிரின் பெயரைப் போட்டுக்கொண்டாள். என் கணவர் வேலாயுதத்திடம் சொன்னேன், அவர் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், பொம்பளப் பிள்ளைய ராத்திரி எங்க அனுப்ப, நீதான அவங்களோட பழகுத, நீயே பக்குவமா சொல்லிரு என்றார். பக்குவமாக. மறுநாள், தளிருக்கு லேசாகச் சளி என்றேன். பரவாயில்லை, ஃபென்னாவுக்கும் சளிதான் என்றாள். அதற்கு மறுநாள், சனிக்கிழமை காலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றேன். அவர்கள் வருவதற்குள் நானே காரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றாள். தளிர் கறி மீன் சாப்பிட மாட்டாள் என்றேன். எல்லாருக்குமே காய்கறி பீட்சாதான் சொல்லியிருக்கிறேன், தளிருக்காகத்தான் என்றாள். நான் ஒரு சாக்கைக் கொண்டுபோக அவள் அதைச் சரிசெய்து திருப்பித் தந்துகொண்டே இருந்தாள், அவ்வளவு நல்ல மனசோடு. வியாழக்கிழமை, பிள்ளைக்குப் ஸ்லீப்பிங் பேக் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று கேட்டாள். என்னிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை. என் கணவரின் அப்பா இறந்துவிட்டார் என்று என் வாய் சொன்னது.

ஏன் மாமாவைச் சொன்னேன். என் அப்பா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். இருந்திருந்தால் அவரைச் சொல்லியிருப்பேனா. மாட்டேன். நாக்கு எழுந்திருக்காது. இது இவரோட அப்பா, அதனால் சுலபமாக வந்துவிட்டது, அவ்வளவுதான் நான். பத்து வருஷமாக மாமா மாமா என்று கூப்பிட்டு, தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த மனுஷனை. இதே லீஸ்பெத்துதான் போன பொங்கலுக்கு நான் சாப்பிடக் கூப்பிட்டபோது, இல்லை, அன்றைக்கு வீட்டில் சும்மா இருக்கத்தான் எனக்கு ஆசை என்று சிரித்துக்கொண்டே சொன்னவள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை, நான் என்ன தப்புச் செய்தேன், வடையில் பூண்டு வாசனை வருமென்று நினைத்தாளா என்று என்னென்னவோ யோசித்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, சும்மா இருக்க ஆசை, சும்மா இருந்தாள். திங்கட்கிழமை அதே சிரிப்போடு வந்தாள். அதுபோல நானும், இல்லை, அனுப்ப எனக்கு மனசில்லை என்று சொல்லியிருந்தால் அவள் சரி என்று பெயரை அழித்திருப்பாள். அவ்வளவு சின்னது. அதைச் சொல்ல வராமல் ஒரு ஆளையே.

அனுப்ப மனசில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. அந்த வீட்டில் பயப்பட ஒன்றும் இல்லை, ஃபென்னாவின் அப்பா வீட்டிலேயே ரொட்டி சுடுகிற சாது மனுஷர். தளிருக்கு எட்டு வயசு, இன்னும் எனக்கும் என் கணவருக்கும் நடுவில்தான் படுக்கிறாள். என் காது மடலை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டேதான் தூங்குவாள். இங்கே பிள்ளைகள் பிறந்த சில மாதத்திலேயே தனி அறைக்குப் போய்விடுகின்றன. நாங்களும் அவளுக்கு அறை வைத்திருக்கிறோம், நட்சத்திரம் ஒட்டி, கட்டில் போட்டு, யாராவது பிள்ளைகள் விளையாட வந்தால் கதவைத் திறந்து காட்டுவோம். ஒருதடவை ஃபென்னா அந்தக் கட்டிலில் ஏறிக் குதித்துவிட்டு, இந்தத் தலையணை கடையில் இருக்கிற மாதிரியே இருக்கிறதே என்றாள். டீச்சர் ஒருநாள், தளிர் தனியாகத்தானே தூங்குகிறாள், நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டபோது, ஆமாம், நன்றாக என்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தளிர் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதே எதையோ கற்றுக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாளுக்குப் போக அவளுக்கு அவ்வளவு ஆசை. என்னிடம் சொல்லாமலே தனியாகத் தூங்கிப் பழக ஆரம்பித்தாள், தானாகவே தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள், என் பழைய துப்பட்டா ஒன்றை வாசனைக்கு எடுத்துப் போனாள். முதல் நாள் பாதி ராத்திரியில் எழுந்து வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. நான்தான் போனேன். சத்தமில்லாமல் அந்தக் குட்டிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தூங்குகிற பிள்ளையின் கையை எடுத்து என் காதில் வைத்துக்கொண்டேன். இதை எப்படி லீஸ்பெத்திடம் சொல்வது. என் பிள்ளைக்கு நான் இல்லாமல் தூக்கம் வராது என்றால்கூடச் சொல்லலாம். எனக்கு அவள் இல்லாமல் வராது. இதைவிட ஒரு சாவு சொல்வதற்குக் கௌரவமாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. பிறந்தநாள் வீட்டில் அவ்வளவு பிள்ளைகளையும் கணவனிடம் விட்டுவிட்டு லீஸ்பெத் வந்திருந்தாள், ஒரு கையில் வெள்ளைப் பூங்கொத்து, இன்னொரு கையில் துணியில் சுற்றிய சூப் பாத்திரம், காய்கறி மட்டும்தான் என்று முதலிலேயே சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு டச்சில் ஒரு வார்த்தை சொன்னாள். பிறந்தநாளுக்குச் சொல்கிற வாழ்த்தும் சாவுக்குச் சொல்கிற அனுதாபமும் இந்த மொழியில் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கும், இரண்டுமே நீளமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும். பிறந்தநாள் ஞாபகத்தில், உனக்கும் என்று பதில் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. போன குளிர்காலத்தில் அவளுடைய அப்பா இறந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. கடைசியாக அவரைப் பார்க்கப் போக ஒரு மணிநேரம் தாமதமாகிவிட்டது, அதை என் கணவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை என்று என் வாசற்படியில் நின்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அந்த நேரம் உண்மையாகவே அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை, அது நடிப்பில்லை, நடிப்பாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே டிவியில் இவர் எதற்கோ பலமாகச் சிரித்தார். லீஸ்பெத் நிமிர்ந்து உள்ளே பார்த்தாள், துக்கம் மனிதர்களை எப்படியெல்லாமோ செய்யும் என்றாள். அவள் போனபிறகு திரும்பினால் பின்னால் தளிர் நின்றுகொண்டிருக்கிறாள், பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டு. அவளுக்கு என்னைவிட டச்சு நன்றாகத் தெரியும். தாத்தாக்கு என்னம்மா என்றாள். ஒண்ணும் இல்ல, சாப்பிட வா என்றேன். பூவைக் கொண்டுபோய் பால்கனியில் வாளிக்குள் வைத்தேன். இவர் கேட்டதற்கு, பிள்ளை வரலையேன்னு சூப் கொண்டாந்தாவ, நல்ல மனுஷி என்றேன். ஆமா நல்ல மனுஷி என்று சொல்லிக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தார்.

அன்றிலிருந்து மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீடியோவில் வந்தால் அவர் காதைப் பார்ப்பேன், பின்னால் இருக்கிற காலண்டரைப் பார்ப்பேன். வாயால் சொன்னது பலிக்கும் என்று நான் நம்புகிறவள் இல்லை, இன்ஜினீயரிங் படித்தவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவர் இருமினார். சாதாரண இருமல், வெற்றிலை போட்ட இருமல். மாமா, நாளைக்கே போய் நெஞ்சைப் பாத்துட்டு வாங்க, எனக்காகப் போயிட்டு வாங்க என்று நான் கத்திவிட்டேன், அழுதுவிட்டேன். எழுபத்திரண்டு வயசு மனுஷர் பஸ் ஏறி திருநெல்வேலி போய், ஸ்கேன் இசிஜி எல்லாம் எடுத்து, ஒன்றும் இல்லை என்று இன்று காலையில் சொன்னார். உங்க அத்தைகூட இத்தன வருஷத்துல எனக்காக இப்படிப் பதறினதில்லம்மா என்றார். தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், கடல் தாண்டி இருந்தாலும் என் மருமகளுக்கு என் நெஞ்சுமேல கவலை என்று. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹோமதி. பார்த்துவிட்டாள். இந்த ஊரில் என் பெயரின் முதல் எழுத்தே தொண்டைக்குள் போய்விடுகிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக வருகிறாள், முன்னால் பிள்ளைகள் உட்காருகிற மரப்பெட்டியில் மழைநீர் ஆடுகிறது. நான் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தேன், ஏதாவது ஒன்று செய்ய வேண்டியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, பதிலுக்கு நிஜமாகவே காத்திருந்தாள். இருக்கிறேன் என்றேன். தளிர் வகுப்பில் எவ்வளவு அழகாகப் பேசினாள் என்று டீச்சர் சொன்னாரா என்றாள். எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாராம். தளிரைத் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம். தளிர் சொன்னாளாம், என் தாத்தா கரண்ட் கம்பத்தில் ஏறுகிற வேலை செய்தார், மழை பெய்து ஊர் முழுக்க இருட்டாகிவிட்டால் எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், அவர் டார்ச் எடுத்துக்கொண்டு போவார், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வரும் என்று. அதெல்லாம் நிஜம். மாமா அவளுக்குச் சொன்ன கதைகள். எப்படிச் செத்தார் என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. மழையில் கம்பத்தில் ஏறினார், கரண்ட் அடித்துவிட்டது, கீழே பாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றாளாம் தளிர். ஃபென்னா வீட்டுக்கு வந்து அழுது தூங்கவே இல்லை என்றாள் லீஸ்பெத். அப்புறம் தயங்கித் தயங்கி, தப்பாக நினைக்காதே ஹோமதி, உங்கள் ஊரில் அந்த வயதிலும் மனிதர்களைக் கம்பத்தில் ஏற விடுவார்களா என்று கேட்டாள்.

நான் அந்தக் கம்பத்தைப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது, மழை, வேட்டியை மடித்துக் கட்டிய மாமா, கீழே வாயில் கையை வைத்துக்கொண்டு அத்தை. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், இறந்துவிட்டார் என்று. மிச்சத்தை எட்டு வயசுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து கட்டியிருக்கிறாள், நான் வெட்கப்படும்படி எங்கேயும் ஓட்டை விழாமல். இத்தனை நாளாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாத்தாவோடு வீடியோவில் பேசும்போதுகூட வழக்கம்போலச் சிரித்தாள், பல்லைக் காட்டு தாத்தா என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது. நான் இதைச் சொல்லாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை, ஒண்ணும் இல்ல சாப்பிட வா என்றுதான் சொன்னேன், அதற்குள் இதெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. லீஸ்பெத் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளெல்லாம் சேர்ந்து இந்த மரத்தடியில், இதோ நாம் நிற்கிற இடத்தில், தாத்தாவின் நினைவாகப் பூச்செடிக் கிழங்குகள் நடப் போகிறார்கள், வசந்தத்தில் பூக்கும், நீயும் உன் கணவரும் வர வேண்டும், டீச்சர் உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். குழியில் நிற்கிற மாதிரி இருந்தது. இவர் வருவார், பூ எதற்கு என்று கேட்பார், உங்கள் அப்பாவுக்கு என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் பூக்கும். மாமா அடுத்த கோடையில் இங்கே வருகிறார், விசாவுக்குக் கேட்டிருக்கிறோம், தளிரைக் கூட்டிப்போக இதே முற்றத்துக்கு வந்து நிற்பார்.

மணி அடித்தது. கதவு திறந்து பிள்ளைகள் கோட்டைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் ஓடி வருகிறார்கள். தளிரும் ஃபென்னாவும் கை கோத்துக்கொண்டு வந்தவர்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்பதைப் பார்த்ததும் தளிர் கையை விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். லீஸ்பெத் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள், என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு லீஸ்பெத்திடம் தெளிவான டச்சில், அம்மா இன்னும் சோகமாக இருக்கிறாள், அவளால் அதைப் பற்றிப் பேச முடியாது, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றாள். பெரிய மனுஷி போல. ஒரு வீட்டுக்குப் பொறுப்பானவள் போல. லீஸ்பெத் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். அந்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கன்னத்தை அவள் தொட்டது தாங்கவில்லை. நான் டச்சிலேயே சொன்னேன், மாலை வகுப்பில் கற்றுக்கொடுத்த டச்சில், வெய் ஹெபன் ஹெலோஹன். நாங்கள் பொய் சொன்னோம். அவர் உயிரோடு இருக்கிறார்.

தளிரின் கை என் கைக்குள்ளிருந்து நழுவியது. அவள் உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டாள். லீஸ்பெத்துக்கு முதலில் விளங்கவில்லை, நான் டச்சில் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து ஆங்கிலத்தில் கேட்டாள். ஆங்கிலத்திலும் சொன்னேன். யாரும் இறக்கவில்லை, பிள்ளையை ராத்திரி அனுப்ப எனக்கு மனசில்லை, அதைச் சொல்ல வரவில்லை, அதனால் என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடையிலிருந்து வெளியே போய் நின்றாள்.

"என் அப்பாவைப் பற்றி உன்னிடம் அழுதேன்" என்றாள்.

தெரியும், மன்னித்துக்கொள் என்றேன். ஃபென்னா தளிரிடம் மெதுவாக, அப்போ கம்பம் என்று கேட்டாள். தளிர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உன்னோடு பேச எனக்கு இஷ்டமில்லை ஹோமதி என்றாள் லீஸ்பெத், சிரிக்காமல், ஆனால் அன்றைக்குப் பொங்கலுக்கு வர மறுத்த அதே நேர்க் குரலில். ஃபென்னாவை மரப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஃபென்னா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை.

நாங்கள் நடந்தோம். தளிர் முன்னால், நான் பின்னால், குடையை நீட்டி அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே, என் தலை நனைய. அவள் வேகம் கூட்டினால் நானும் கூட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும், என்ன சொல்ல, பொய் சொல்லக் கூடாதுட்டி என்று ஆரம்பிக்கவா, என் வாயால். மாமா என் பேச்சைக் கேட்டு பஸ்ஸில் உட்கார்ந்து திருநெல்வேலி போனது ஞாபகம் வந்தது. இவரிடம் இன்று சொல்ல வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது, சூப்பிலிருந்தா. ரொட்டிக்கடை தாண்டி, பாலம் தாண்டி, வாய்க்காலில் வாத்துகள் ஒதுங்கிக் கிடக்கிற இடத்தில் அவள் நின்றாள். திரும்பவில்லை.

"ஏம்மா சொன்னே" என்றாள். "நான் நல்லாத்தான பாத்துக்கிட்டேன்."

ஆமாட்டி, நல்லாத்தான் பார்த்துக்கொண்டாய். அதை மனசுக்குள்தான் சொன்னேன். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை, மழையில் முகம் எல்லாம் ஈரம். நான் குனிந்து துடைக்கப் போனேன், தள்ளிக்கொண்டாள். டீச்சர்ட்ட யார் சொல்லுவா என்றாள். நாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஃபென்னா சொல்லிவிடுவாள், அவள் எதையும் மறைக்க மாட்டாள், எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க, நான்தான கம்பம்னு சொன்னேன் என்றாள். அதைச் சொல்லும்போது உதடு நடுங்கியது, எட்டு வயசு உதடு, மறுபடி குழந்தையாகிவிட்டாள். வா, இப்பவே போவோம், டீச்சர் இன்னும் இருப்பாவ, நான் சொல்லுதேன் என்றேன். வந்த வழியே திரும்பினோம். இந்தத் தடவை குடைக்குள் வந்தாள், கையைத் தரவில்லை, ஆனால் வந்தாள். ரொட்டிக்கடை வாசலில் வந்ததும், ஃபென்னா அம்மாட்ட சொன்ன மாதிரி டீச்சர்ட்ட சொல்லாத என்றாள். எப்படிச் சொன்னேன் என்றேன். நீ வெய்னு சொன்னே. ஆமா, மரியாதைக்கு நாங்கன்னுதானே பேசுவோம் என்று வாய்வரை வந்தது, வந்து நின்றுவிட்டது. மரியாதைக்காகவா சொன்னேன். தனியாக நிற்கப் பயந்து பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன், சாட்சிக்குக் கூண்டில் ஏற்றுவதைப்போல, அதுவும் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

"வெய்னா நாங்க" என்றாள் தளிர். "இக்னு சொல்லணும். இக்னா நான். இக் ஹெப் ஹெலோஹன். சொல்லு."

சொன்னேன். அப்படி இல்லம்மா, தொண்டையிலருந்து வரணும் என்றாள். மறுபடி சொன்னேன். ரோட்டில் போகிற சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார், குடைக்குள் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும், பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்ட, பெண் திருப்பித் திருப்பி, நான் பொய் சொன்னேன், நான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டு போகிறாள். முற்றம் காலியாக இருந்தது. மரத்தடியில் பூக்கிழங்கு நடுவதற்கு யாரோ ஏற்கெனவே நாலு குச்சி ஊன்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கதவுக்கு முன்னால் தளிர் நின்றுவிட்டாள், நான் இங்கயே நிக்கேன், நீ போ என்றாள். குடையை அவளிடம் கொடுத்தேன். உள்ளே டீச்சர் சின்ன நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துக்க வீட்டுக்காரியைப் பார்க்கிற அந்த முகத்தோடு ஓடி வந்து, ஒரு நாற்காலியை இறக்கி, உட்காருங்கள் என்று துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நனைந்த தலையோடு நின்றுகொண்டே, இக் என்றேன்.